காரணம் எண் மூன்று

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டு என்னைத் திட்டக்கூடாது பாருங்கள், அதற்காக.

நேற்று எங்கள் கடைக்குப் பிரமிளா என்று ஒரு பல்கலைக்கழக மாணவி வந்தாள். கடை ஈப்போ புந்தோங்கில் இருக்கிறது. மாவு, பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம். அவள் கையில் நான்கு பக்கக் கேள்வித்தாள். ‘சிறுதொழில்களில் விநியோகச் சங்கிலி மேலாண்மை ஊழியர்களின் பணி மனநிறைவை எவ்வாறு பாதிக்கிறது’ என்பது தலைப்பு. அதைப் படித்து முடிப்பதற்குள் என் தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

“விநியோகச் சங்கிலின்னா என்னாம்மா?”

“ஒரு சாமான் எங்கேருந்து கிளம்புது, யார் யார் கை மாறுது, எப்படிப் போய்ச் சேருது, அதான் அங்கிள்.”

பதினான்கு வருடமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இப்படி ஒரு பெயர் இருப்பது தெரியாமலே.

பதினேழாவது கேள்வி: ‘புதிய முறை வந்த பிறகு என் வேலையில் எனக்கு மனநிறைவு கூடியிருக்கிறது.’ ஒன்றிலிருந்து ஐந்துவரை ஏதாவது ஒரு கட்டத்தில் குறி போடவேண்டும். நான் நான்கில் போட்டேன். புதிய முறையைக் கொண்டுவந்த சின்ன முதலாளி சுஹைர் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தான். ஐந்தில் போட்டால் ஜால்ரா என்று நினைப்பான். அதனால் நான்கு.

கடைசிப் பக்கத்தில் ‘வேறு கருத்துகள்’ என்று மூன்று வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் அதை நிரப்பவில்லை. இந்தக் கதை அந்த மூன்று வரிக்குள் எழுதியிருக்க வேண்டியது.

விஷயம் இதுதான். நான் கடை ஸ்க்ரீனில் ஒரு பொய்யான காரணத்தை அமுக்கினேன். அதனால் சுங்காயில் குமுதா என்ற பெண்ணின் கையிலிருந்து ஸ்டோர் சாவி போய்விட்டது. அமுக்கியதை முப்பது நாளுக்குள் திருத்தலாம். இதை எழுதத் தொடங்கும் இன்றைக்கு இன்னும் பதினெட்டு நாள் பாக்கி இருக்கிறது. நிறைய நாள்தான்.

2

தொடக்கம் ஒன்று:

‘சுங்காயில் காலைப் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தபோது குமுதா ஸ்டோர் கதவைத் திறந்து’ —

கைவிட்டேன். சுங்காயில் காலையில் பனி இருக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே போனதே இல்லை. ஈப்போவிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். கோலாலம்பூருக்குப் போகும் பஸ்ஸிலிருந்து அந்தப் பெயர்ப்பலகையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பிப் பார்ப்பேன். செம்பனை மரம்தான் தெரியும்.

தொடக்கம் இரண்டு:

‘குமுதாவுக்கு நாற்பது வயதிருக்கும். மாநிறம். நெற்றியில்’ —

இதையும் விட்டேன். நான் அவரைப் பார்த்ததில்லை. நெற்றி இருக்கிறது என்பதைத் தவிர அந்த நெற்றியைப் பற்றி எதையும் சத்தியம் செய்ய முடியாது.

தொடக்கம் மூன்று:

‘பத்தேகாலுக்கு டெலிபோன் அடித்தது.’

இது உண்மை. இதை வைத்துக்கொள்வோம்.

(என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டுமல்லவா? பெயர் கனகராஜ். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு மூன்று பதில்கள் வைத்திருக்கிறேன், மூன்றும் பொய். கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையில் இருக்கிறேன். இதற்கு முன்னால் கதை எழுதியதில்லை. ஆர்டர் எழுதியிருக்கிறேன்.)

3

பத்தேகாலுக்கு டெலிபோன் அடித்தது. பதினோரு வருடம், ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் தவிர, தினமும் அடித்தது.

சுங்காயில் சரளா என்பவர் முறுக்குத் தொழில் நடத்துகிறார். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். இடம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக் கட்டடம். முன்பு பால்ஷீட், அதாவது காயவைத்த ரப்பர் தகடு, அடுக்கிவைத்த கூடத்தில் இப்போது மாவு மூட்டை அடுக்கியிருக்கிறது. அந்த ஸ்டோரின் சாவி குமுதாவிடம் இருந்தது. என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எப்போது வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. சரளா பொரிப்பதையும் விற்பதையும் பார்த்துக்கொள்வார். இதெல்லாம் டெலிபோனில் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டது.

“அண்ணே, குமுதா.”

“சொல்லும்மா.”

“கடலை மாவு பத்து, அரிசி மாவு பன்னெண்டு, எண்ணெ எட்டு டின்னு. அப்புறம் எப்பவும் போடுறது போட்டுருங்க.”

“மழையா அங்க?”

“நேத்துலேருந்து விடல லா. ஸ்டோர் செவுரெல்லாம் வேர்க்குது.”

“அப்ப அரிசி மாவு புது லாட் வேணாம். அது கொஞ்சம் ஈரம். பழசு தரேன்.”

“அதான் அண்ணே நானும் நெனச்சேன். சாப்டாச்சா?”

“ஆச்சும்மா.”

பல நாள் ஆகியிருக்காது. இருந்தாலும் ஆச்சு என்றுதான் சொல்வேன். மொத்தம் நான்கு நிமிடம்.

இதில் ‘எப்பவும் போடுறது’ என்ற ஒன்று வருகிறதே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். அதற்கு ஒரு கணக்கு கிடையாது. மழைக்காலத்தில் அது இரண்டு மூட்டை கூடுதல். சீனப் பெருநாளுக்கு முன்னால் நான்கு, ஏனென்றால் சீனர்களும் டின் டின்னாக முறுக்கு வாங்குவார்கள். பள்ளி விடுமுறையில் ஒன்று. அவர் குரல் அலுத்திருந்தால், பொரிக்கும் ஆள் யாரோ வரவில்லை என்று அர்த்தம், அன்றைக்கு ஒன்றுமில்லை. அவர் சொல்லமாட்டார், நான் கேட்கமாட்டேன். மூட்டை சரியாகப் போய்ச் சேரும். பதினோரு வருடத்தில் நான் தப்பாகப் போட்டது மூன்று தடவையோ நான்கு தடவையோதான். என்னிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு என்றால் அது இது ஒன்றுதான்.

காதலா என்று கேட்பீர்கள். அண்ணே என்று கூப்பிடுகிறவரை வைத்துக் காதல் கதை எழுதும் தைரியம் எனக்கு இல்லை.* ஒரு நாளில் நான்கு நிமிடம், நான் மேசையில் இருப்பேன் என்று நம்பி ஒருவர் எண்களை அழுத்தினார். நான் இருந்தேன். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மற்ற இருபத்துமூன்று மணி ஐம்பத்தாறு நிமிடம் பற்றி எழுத ஒன்றுமில்லை.

* நண்பன் ஒருவனிடம் இந்தப் பகுதியைக் காட்டினேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். காட்ட ஆள் இல்லை.

4

சுஹைரை வில்லனாக வைத்து ஒரு பகுதி எழுதினேன். அதில் அவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், சுழல் நாற்காலியில் திரும்பித் திரும்பிப் பேசினான், ஊழியர்களை ‘ரிசோர்ஸ்’ என்றான். மூன்று நாள் உழைத்தேன். பிறகு அவனே வந்து, “அங்கிள், நாசி லெமாக் வாங்கினேன், ஒங்களுக்கும் சேர்த்து” என்று ஒரு சோற்றுப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான். எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

உண்மையில் நடந்தது இது. பெரிய முதலாளி நைனா முகம்மதுவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனது. மகன் பொறுப்பேற்றான். ஜூன் மாதம் புதிய முறை வந்தது. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு ஸ்டிக்கர். மூட்டை வந்து இறங்கியதும் ஸ்டோர்காரர் அதை ஹேண்ட்ஃபோனில் ஸ்கேன் செய்யவேண்டும், பிரிக்கும்போது மறுபடியும். நான்கு மூட்டைக்குக் கீழே இறங்கினால் ஆர்டர் தானாக எங்கள் ஸ்க்ரீனுக்கு வந்துவிடும். பேச வேண்டியதில்லை. அதிகம் வைத்திருந்தால் ஸ்க்ரீன் சிவப்பாகும்.

சுஹைர் எல்லா வாடிக்கையாளர்களின் வழக்கமான ஆர்டரையும் என்னிடம் கேட்டுக் கேட்டுப் பதிந்தான்.

“சுங்காய் ஆர்டர்ல ‘எப்பவும் போடுறது’ன்னு எழுதியிருக்கே அங்கிள், அது எத்தனை?”

“அது… பார்த்துப் போடுறது தம்பி.”

“பார்த்துன்னா?”

“பார்த்துதான்.”

“ஒரு நம்பர் சொல்லுங்களேன்.”

குரலைப் பார்த்து, மழையைப் பார்த்து என்றெல்லாம் சொன்னால் சிரிப்பானோ என்று கூச்சம். அவன் கொஞ்சம் பொறுத்தான். பிறகு ஸீரோ போட்டான். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முறை நன்றாகத்தான் இருக்கிறது. வண்டு விழுந்து கொட்டும் மாவு பாதியாகக் குறைந்துவிட்டது. லோரி ஓட்டும் யுகேந்திரன் இப்போது ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிடுகிறான். அவன் ஐந்தில் குறி போட்டான், மனசாரத்தான் போட்டான்.

டெலிபோன் இனி அவசரத்துக்கு மட்டும். ஒவ்வொரு அவசர அழைப்புக்கும் நான் ஸ்க்ரீனில் ஒரு காரணம் அமுக்கவேண்டும். அறிக்கை இரண்டு பக்க முதலாளிகளுக்கும் போகும். காரணங்கள் மூன்றுதான்:

ஒன்று, விற்பவர் தவறு.
இரண்டு, போக்குவரத்துத் தவறு.
மூன்று, வாங்குபவரின் கணக்குத் தவறு.

நான்காவது ஒன்று இல்லை. அமுக்கியதை முப்பது நாள்வரை மாற்றலாம். அதற்குப் பிறகு பூட்டிக்கொள்ளும்.

முதல் வாரம் டெலிபோன் அடிக்கவே இல்லை. கெட்டுவிட்டதோ என்று என் ஹேண்ட்ஃபோனிலிருந்து அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். அடித்தது. நானே எடுத்து ஹலோ என்றேன். என் காதில் என் குரல் கேட்டது. வைத்துவிட்டேன்.

5

ஜூலையில் ஒரு நாள், பத்தேகாலுக்கு.

“அண்ணே, குமுதா. கடலை மாவு முடிஞ்சுருச்சு. அவசரம்.”

“ஸ்க்ரீன்ல ஆறு மூட்டை காட்டுதேம்மா?”

“ஸ்க்ரீன் கெடக்கு அண்ணே. தோட்டத்துல காலைல ஆளுங்களை நிக்க வச்சுப் பேர் கூப்டுப் பெரட்டு எடுப்பாங்கள்ல, அந்த மாதிரி நான் மூட்டைங்களுக்குப் பெரட்டு எடுத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணு கூடப் பதில் சொல்ல மாட்டுது.”

நான் சிரித்தேன். நான் சிரிப்பதைக் கேட்டு அவரும் சிரித்தார். ஆறு நிமிடம் பேசினோம். ஸ்க்ரீனில் இருந்த ஆறு மூட்டையை அழித்துவிட்டு யுகேந்திரனை அவசரமாக அனுப்பினேன். காரணம் இரண்டை அமுக்கினேன். போக்குவரத்து.

யுகேந்திரன் திரும்பி வந்ததும் லோரிச் சாவியை மேசையில் போட்டான்.

“அண்ணே, அங்க மாவு இருக்கு. எண்ணெ டின்னுக்குப் பின்னாடி ஆறு மூட்டை. மேல சாக்கு போட்டு மூடி வச்சிருக்கு. நான் கண்ணால பார்த்தேன். எதுக்கு என்னைய அவ்ளோ தூரம் ஓட வுட்டீங்க? அதுவும் தப்பை என் தலைலயே கட்டி?”

“யார்கிட்டயும் சொல்லாத யுகேன்.”

“சொல்லல. ஆனா எனக்கு மார்க் போச்சுல்ல?”

அன்றைக்கே குமுதாவிடம் ‘வேணாம்மா, மாட்டிக்குவீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தடவை கூப்பிடமாட்டாரே.

ஆகஸ்டில் அரிசி மாவு ‘முடிந்தது’. ஏழு நிமிடம். இந்தத் தடவை காரணம் ஒன்றை அமுக்கினேன், விற்பவர் தவறு, அதாவது நான். சுஹைர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கே சங்கடமாக இருந்தது.

“அங்கிள், இன்னொரு தடவை நம்ம தப்புன்னு வந்துச்சுன்னா, ஒங்கள டெலிபோன் டெஸ்க்லேருந்து எடுக்கச் சொல்லி ரிப்போர்ட் வரும். சிம்பாங் பூலாய் ஸ்டோர்ல ஸ்டிக்கர் ஒட்டுற வேலை இருக்கு. சம்பளம் அதேதான். ஆனா…”

“அங்க டெலிபோன் இருக்கா தம்பி?”

“ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு எதுக்கு அங்கிள் டெலிபோன்?”

செப்டம்பரில் மூன்றாவது அழைப்பு. ஒன்பது நிமிடம். அதில் பாதி நேரம் மாவைப் பற்றியே பேசவில்லை.

“முன்னல்லாம் மாவு பத்தலன்னா சரளா அக்கா என்னைத்தான் திட்டும். பத்துச்சுன்னா ஒண்ணும் சொல்லாது. இப்ப திட்டுறதும் இல்ல அண்ணே. நான் ஸ்டோர்ல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அதான் என்னமோ மாதிரி இருக்கு.”

“எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு” என்றேன்.

பதினோரு வருடத்தில் நாங்கள் பேசிய ஒரே சொந்த விஷயம் அது. டெலிபோனை வைத்தேன். காரணம் மூன்றை அமுக்கினேன்.

6

ஏன் அமுக்கினேன்?

‘விரல் தவறிவிட்டது. ஸ்க்ரீன் சிறியது, மூன்று கட்டங்களும் நெருக்கமாக’ — இல்லை.

‘பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். சரளா நல்லவர்’ — இதுவும் இல்லை.

ஒன்றை அமுக்கினால் சிம்பாங் பூலாய். அங்கே டெலிபோன் இல்லை. டெலிபோன் இல்லாவிட்டால் அவர் குரல் இல்லை. அந்தக் குரல் எனக்குத் தொடர்ந்து கேட்கவேண்டும் என்பதற்காக அந்தக் குரலுக்கு உரியவரையே காட்டிக்கொடுத்தேன். எழுதிப் பார்க்கும்போது இது எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிகிறது. அமுக்கும்போது புத்திசாலித்தனமாக இருந்தது.

அறிக்கை சரளாவுக்குப் போனது. மூன்று மாதத்தில் மூன்று அவசரம், கடைசியில் கணக்குத் தவறு. அவர் சாவியை வாங்கிக்கொண்டு குமுதாவை முறுக்குப் பொட்டலம் கட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார். பதினைந்து வருடம் அந்த இடுப்பில் இருந்த சாவி. இதை எனக்குச் சொன்னது யுகேந்திரன்.

“அழுதாங்களா?” என்று கேட்டேன்.

“தெரியலண்ணே. நான் போனப்ப தலைல தொப்பி, வாயில துணி மாஸ்க்கு. கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. பொட்டலம் கட்டிக்கிட்டு இருந்தாங்க.”

7

இப்போது எனக்குக் குமுதாவின் மேலேயே ஒரு சந்தேகம். இந்தக் கதையில் வரும் குமுதாவின் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மூட்டையை ஏன் ஒளித்து வைத்தார்? என்னோடு பேசத்தான் என்று ஐந்து பக்கம் எழுதினேன். அதில் அவர் காலையில் தனியாக எழுந்து, தனியாகக் காப்பி போட்டு, பேச ஆளில்லாமல் வானொலியை வைத்துக்கொண்டு, பத்தேகாலுக்காகக் காத்திருந்தார். உருக்கமாகவே வந்திருந்தது. திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன், அந்தக் காப்பிக் குவளை என்னுடையது. வானொலியும் என்னுடையதுதான். ஒரு பக்கம் நசுங்கிய அந்த வானொலிகூட.

அவருக்குக் கணவர் இருக்கலாம். மூன்று பிள்ளைகள் இருக்கலாம். வீடு எப்போதும் இரைச்சலாக இருக்கலாம். அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

யுகேந்திரனிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன்.

“அந்த அக்கா எதுக்கு மூட்டைய ஒளிச்சு வச்சிருக்கும்னு நெனைக்கிற?”

“இதுல நெனைக்க என்னா இருக்கு? தீவாளி வருதுல்ல. திடீர்னு ஆர்டர் ஏறிச்சுன்னா, மாவு இல்லன்னா, யாரு தலை உருளும்? கூட வச்சிக்கிட்டா ஸ்க்ரீன் செவக்குது. அதான் ஸ்க்ரீனுக்குத் தெரியாம வச்சிருக்கு. வேற எதுக்கு?”

“சும்மா… பேசுறதுக்கு…”

“பேசுறதுக்கா?” அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “ஒரு மூட்டை இருவத்தஞ்சு கிலோ அண்ணே. ஆறு மூட்டைய ஒத்த ஆளாத் தூக்கி ஒளிச்சு வைக்கிறதா, ஒங்ககூடப் பேச?”

[இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். சுண்ணாம்பு மலை அந்தப் பக்கம் மழையில் மறைந்திருந்தது. மலையைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் எழுதலாம் என்று தோன்றியது. எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒருவன் கேட்டதை மறைக்க மலையைக் கூப்பிடுவது சரியில்லை.]

பழைய ஆர்டர் புத்தகங்கள் இன்னும் பரணில் கிடக்கின்றன. இறக்கிப் பார்த்தேன். மழையும் தீபாவளியும் சேர்ந்து வரும் காலத்தில், அவர் கேட்காமலே நான் சுங்காய்க்குப் போட்டுவந்த கூடுதல் கடலை மாவு ஒவ்வொரு வருடமும் ஆறு மூட்டை. ஒரே ஒரு வருடம்தான் ஐந்து.

ஆக, அவர் ஒளித்து வைத்தது நான் போடாமல் விட்டதைத்தான். சுஹைர் நம்பர் கேட்டபோது நான் வாயைத் திறந்திருந்தால் அவர் எதையும் ஒளித்திருக்க வேண்டாம். கணக்கு அவருடையது தவறவில்லை. காரணம் ஒன்றுதான் உண்மை. மூன்று பொய்.

அவர் எனக்காகக் கூப்பிட்டார் என்பதற்கு இதில் எங்கேயும் ஆதாரம் இல்லை. இதை எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

8

முடிவுகள். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு எழுதிவைத்தேன்.

முடிவு அ: நான் அறிக்கையைத் திருத்துகிறேன். சரளா சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார். சுஹைர் ஸ்க்ரீனில் ‘எப்பவும் போடுறது’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்க்கிறான். பிரமிளா தன் ஆய்வின் கடைசி அத்தியாயத்தில் எங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறாள். எல்லாருக்கும் மனநிறைவு, ஐந்துக்கு ஐந்து.

முடிவு ஆ: நான் பஸ் ஏறிச் சுங்காயில் இறங்குகிறேன். முறுக்குக் கட்டடத்தின் வாசலில் நிற்கிறேன். வேலை முடிந்து பெண்கள் வெளியே வருகிறார்கள். அவர்களில் ஒருவர் குமுதா. யார் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் வாயைத் திறந்து பேசவில்லை. எல்லாரும் போய்விடுகிறார்கள்.

இரண்டாவதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. பேசாமல் முதலாவதையே செய்துவிடலாம் என்று தீர்மானித்தேன். கதையில் இல்லை, நிஜத்தில். இன்று காலை கடைக்குப் போனதும் ஸ்க்ரீனைத் திறந்து செப்டம்பர் அறிக்கையைத் தொட்டேன்.

சாம்பல் நிறமாக இருந்தது. மூலையில் ஒரு பூட்டுப் படம்.

விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தேன். தொடக்கங்களுக்கு நான்கு நாள். டெலிபோன் பகுதிக்கு இரண்டு. சுஹைரை வில்லனாக்கியதற்கு மூன்று. என் காப்பிக் குவளையைக் குமுதாவின் கையில் கொடுத்துப் பிறகு பிடுங்கியதற்கு ஐந்து. முடிவுகளுக்கு நான்கு. மொத்தம் பதினெட்டு. நேற்றோடு முடிந்துவிட்டது.

இதைப் படிக்க உங்களுக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்குமா? எனக்கு ஆனது பதினெட்டு நாள். ஒரு கட்டத்தை அமுக்க ஒரு நொடி போதும். அந்த நொடிக்குப் பதிலாக உங்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல மனிதன்போல் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் அங்கே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

9

இதற்கு மேல் எழுதுவது அலங்காரம் இல்லாமல் இருக்கும். நேரம் இல்லை.

டெலிபோனை எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, சுங்காய் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. பதினோரு வருடமும் அவர்தான் கூப்பிட்டார். ஒரு தடவைகூட நான் கூப்பிட்டதில்லை. ஸ்க்ரீனில் தேடி எடுத்து அடித்தேன். எதிர் மேசையில் சுஹைர் இருந்தான். இருக்கட்டும்.

“ஹலோ, யாரு?” சரளாவின் குரல்.

“ஈப்போலேருந்து கனகராஜ் பேசுறேன் அக்கா. மாவுக் கடை.”

“ஆர்டர்ல ஏதும் பிரச்சினையா?”

“ஆர்டர் இல்லக்கா. போன மாசம் வந்த ரிப்போர்ட்டு… கணக்குத் தப்புன்னு போட்டிருந்துச்சுல்ல. அது குமுதா தப்பு இல்ல. என் தப்பு. ஸ்க்ரீன்ல இப்ப மாத்த முடியாது, பூட்டிக்கிச்சு. அதான் வாயால சொல்றேன்.”

“என்னா அண்ணே சொல்றீங்க? ஸ்டோர்ல மூட்டைய மறைச்சு வச்சிருந்தா. நானே கண்ணால பார்த்தேன்.”

“பார்த்திருப்பீங்க. அந்த மூட்டைங்க நான் வருஷா வருஷம் கூடப் போட்டு அனுப்புறது. புது முறை வந்தப்ப எத்தனைன்னு கேட்டாங்க, நான் சொல்லல. ஸீரோ ஆயிருச்சு. நான் அனுப்பாததை அவங்களே சேர்த்து வச்சாங்க. தீவாளிக்கு ஒங்களுக்கு மாவு பத்தாமப் போயிரக் கூடாதுன்னுதான். ஒங்களுக்காகத்தான்க்கா.”

கடைசி வாக்கியத்தைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் சரளா யாரிடமோ அடுப்பைக் குறைக்கச் சொன்னார்.

“இதை ஒரு மாசம் கழிச்சா சொல்றது அண்ணே?”

“ஆமாக்கா. தப்புதான்.”

“சாவிய வேற ஆள்கிட்ட குடுத்துட்டேன். இப்ப உடனே புடுங்க முடியாது. பார்க்கலாம். அவ இங்கதான் இருக்கா. நீங்களே சொல்லுங்க. ஏய் குமுதா! ஈப்போ போன்!”

எதிரே சுஹைர் பேனாவைக் கீழே வைத்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது. “அங்கிள்…” என்றான்.

“திங்கக்கிழமைலேருந்து சிம்பாங் பூலாய். தெரியும் தம்பி. ஒரு நிமிஷம் இரு.”

அங்கே யாரோ செருப்பை இழுத்து நடந்து வரும் சத்தம். மாஸ்க்கைக் கழற்றுவது போல ஒரு உரசல். எனக்குக் கேட்க ஒன்றுமில்லை, எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. அவரோடு நான் ஆர்டர் இல்லாமல் பேசுவது இதுதான் முதல் தடவை.

குமுதா பேசினார். ஒரு நிமிடம்கூட இருக்காது. பிறகு வைத்துவிட்டார்.

அவர் என்ன சொன்னார் என்றுதானே கேட்கிறீர்கள். திட்டாக இருக்கலாம், மன்னிப்பாக இருக்கலாம், ஆறு மூட்டைக்கு அவர் சொன்ன காரணமாகவும் இருக்கலாம். அந்த மூன்றுக்கும் சேராத நான்காவதாகக்கூட இருக்கலாம். கதை முடிய அது வேண்டும் என்று எனக்கும் தெரியும். தரமாட்டேன். பதினான்கு வருடமாக இந்த மேசைக்கு வந்த எல்லாவற்றையும் லோரி ஏற்றி வேறு யாருக்கோதான் அனுப்பினேன். இது எனக்கு வந்தது.